ஏழு சாக்பீஸ் வட்டங்கள்

அந்தக் காரைப் பூட்டவே தேவையில்லை. திருட வருகிறவன் அதைப் பார்த்தால், பாவம் என்று தன் பையிலிருந்து நாலு காசை எடுத்து வைத்துவிட்டுப் போவான். அம்மா அப்படித்தான் சொல்வாள்.

காரின் முன்மூடி வெளிர்பச்சை. ஓர் ஆஸ்பத்திரிக்கு அடித்து மீந்த பச்சை. வலது கதவு ரோஸ். யாரோ ஒரு குழந்தையின் அறைக்கு வாங்கியது. பின்பக்கம் வங்கிச் சுவரின் மஞ்சள்.

அப்பா பெயிண்டர். காரில் எங்கே துரு தெரிந்தாலும், அன்றைக்கு எந்த வாளியில் மிச்சம் இருக்கிறதோ அதை எடுத்து அந்த இடத்தில் அடித்துவிடுவார். தெருப் பிள்ளைகள் காருக்குத் 'தேமல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பொருத்தமான பெயர்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குத் தேமல், மெக்கானிக் அக்காவின் பட்டறையில் குழிக்கு மேல் நின்றது. குழிக்குள் இறங்கினால் காரின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்கலாம். அக்கா உள்ளே இருந்தாள். அப்பா, அம்மா, குண்டூசி, டமாரம் நாலு பேரும் மேலே காத்திருந்தார்கள்.

குண்டூசிக்குப் பத்து வயது. ஒல்லி. கேள்வி கேட்டே குத்துவாள். அதனால் அந்தப் பெயர். தம்பி டமாரத்துக்கு ஆறு வயது. அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. அதனால் அந்தப் பெயர்.

அக்கா குழியிலிருந்து தலையை நீட்டினாள். "எஞ்சின் ஜம்முன்னு இருக்கு அண்ணே. இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும்."

"பாத்தியா?" என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இருங்க, முழுசாக் கேளுங்க. உடம்புதான் புரியல. அடியில என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அங்கேயும் பெயிண்ட் அடிச்சேன்மா. வருஷா வருஷம். ரெண்டு கோட்டு!" அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"துருவைச் சுரண்டிட்டா அடிச்சீங்க?"

"இல்ல, மேலதான். துரு வெளிய தெரியக்கூடாதுல்ல?"

அக்கா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். "அண்ணே, மேல போத்திவிட்டா துரு தூங்கிடுமா? உள்ள உக்காந்து சௌகரியமா தின்னுக்கிட்டு இருக்கும். செவுரு வேற, தகடு வேற."

அப்பா குனிந்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

"அடிச்சட்டம்தான் காருக்கு எலும்பு," என்றாள் அக்கா. "அது கெட்டியா இருந்தா ரிப்பேர் பண்ணலாம். அழுகியிருந்தா எவ்வளவு செஞ்சாலும் வீண். ஓடும்போதே உடையும். ஆனா இத்தனை பெயிண்டுக்கு அடியில எது எப்படி இருக்குன்னு எனக்கே தெரியல. முழுசாச் சுரண்ட ரெண்டு நாள் ஆகும். நாலு மணிக்கு ஒரு வேன் வருது. அதுக்குக் குழி வேணும்."

"விடும்மா," என்றாள் அம்மா. "நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரரும் லாரியோட வர்றாரு. நான்தான் சொல்லி வெச்சேன். ஏத்தி அனுப்பிடலாம். இந்த டப்பாவைத் தள்ளித் தள்ளி என் தோள்பட்டையே இறங்கிப்போச்சு."

அம்மா சலவைக் கூடத்தில் நாள் முழுக்க ஹோட்டல் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறவள். தோள்பட்டையைப் பற்றி அவள் சும்மா சொல்லமாட்டாள்.

குண்டூசி அப்பா பக்கம் நகர்ந்து நின்றாள்.

செவ்வாய்க்கிழமை முதல் அப்பாவுக்கு வெளியூரில் வேலை. பெரிய பள்ளிக்கூடம். ஆறு மாதம் ஆகும். காரில் போனால் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் வேலை முடிகிற நேரத்துக்குப் பஸ் கிடையாது. கார் இல்லை என்றால், அப்பா அங்கேயே கொட்டகையில் தங்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவைதான் வீட்டுக்கு வரலாம்.

இப்போதெல்லாம் அப்பா தினமும் சாயங்காலம் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டுவார். குண்டூசி அவர் முழங்கையில் காய்ந்திருக்கும் பெயிண்டை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுப்பாள். அப்போதுதான் இருவரும் பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தது, எந்த வீட்டு அம்மா எந்த நிறத்தை மூன்று தடவை மாற்றச் சொன்னாள், எல்லாம்.

தேமலுக்காக அழுகிறவள் இல்லை குண்டூசி. அது அசிங்கமான கார். மழையில் ஒழுகும். அவளுக்கு வேண்டியது கார் இல்லை. சாயங்காலம் அப்பா வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அக்கா, எதுக்கு முழு காரையும் சுரண்டணும்?" என்று கேட்டாள்.

"பின்ன?"

"டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லித்தான் பாக்குறாரு. தோலை உரிச்சா பாக்குறாரு? முக்கியமான இடம் எதுன்னு நீங்க சொல்லுங்க. நாங்க சுரண்டுறோம்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். "ஏய், இறங்கி வா."

காரின் அடிச்சட்டத்தில் அக்கா ஒவ்வோர் இடமாக வட்டம் போட்டாள். உள்ளங்கை அளவு வட்டம். மொத்தம் ஏழு.

"சக்கரம் மாட்டுற இடம், சீட்டைத் தாங்குற இடம், எஞ்சின் உக்கார்ற இடம். பாரம் முழுக்க இந்த ஏழுலதான் இறங்கும். பெயிண்டைச் சுரண்டிட்டு, ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டு. 'டங்'குன்னு கேட்டா நல்ல தகடு. 'டொப்'புன்னு கேட்டா உள்ள ஒண்ணும் இல்ல."

"எத்தனை 'டொப்' வரலாம்?"

"ரெண்டு. ஒரு ஓட்டையைச் சரி பண்ண எனக்கு ஒரு முழு நாள் வேணும். ஞாயிறு, திங்கள், ரெண்டே நாள்தான் இருக்கு. மூணாவது ஓட்டை வந்தா, பேசாம இரும்புக்காரர் கையில சாவியைக் குடுத்துடுங்க. அதுக்கப்புறம் யாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக்கூடாது. சரியா?"

"சரி," என்றாள் குண்டூசி. "அம்மா, நீ?"

"என்னை ஏன்டி இழுக்கிற? நான் வேடிக்கை பாக்கப்போறேன்." அம்மா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள்.

அக்கா எல்லாருக்கும் கண்ணில் தூசி விழாமலிருக்கக் கண்ணாடியும், மூக்கில் கட்டத் துணியும் கொடுத்தாள். அப்பா தன் பையிலிருந்து சுரண்டும் தகடுகளை எடுத்தார். சுவரில் பழைய பெயிண்டை உரிக்கிற தகடுகள். கூர்மையானதைத் தான் வைத்துக்கொண்டு, நடுத்தரமானதைக் குண்டூசியிடம் கொடுத்தார். டமாரத்துக்கு வேலை தரவில்லை. அவன் தானே ஒரு வேலையை எடுத்துக்கொண்டான்.

"இதோ! அப்பா முதல் வட்டத்துல கை வெச்சுட்டாரு!" என்று குழியின் மேலிருந்து கத்தினான். "வெள்ளை வருது! நீலம் வருது! ஐயோ, ஊதா வருது!"

"ஊதாவா?" அம்மா டயரிலிருந்து எழுந்தாள். "எனக்கு ஊதா பிடிக்கும்னு சொல்லி நம்ம சமையலறைக்கு வாங்கினீங்களே. பத்தலைன்னு சொல்லி நிறுத்திட்டீங்க. இங்கயா போச்சு?"

அப்பா வேகவேகமாகச் சுரண்டினார். அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி.

ஊதாவுக்குக் கீழே பழுப்பு. அதற்கும் கீழே சாம்பல் நிறத் தகடு. அக்கா ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்துத் தட்டினாள்.

டங்.

"நல்லது!" என்று டமாரம் போட்ட கூச்சலில், பட்டறைக் கூரையிலிருந்து இரண்டு புறாக்கள் பறந்தன.

இரண்டாவது வட்டத்தில் சந்தோஷம் போய்விட்டது. டொப். அக்கா நுனியால் அழுத்தினாள். ஸ்க்ரூ டிரைவர் ரொட்டிக்குள் போவது போல் உள்ளே போனது. துருத்தூள் அப்பாவின் தலையில் கொட்டியது.

"ஒண்ணு அவுட்!" என்றான் டமாரம்.

மூன்று, டங். நான்கு, டங். மணி இரண்டரை.

"அப்படித் தேய்க்காதீங்க, மணிக்கட்டை மடக்கித் தேய்ங்க," என்று அம்மா மேலிருந்து சொன்னாள். "இன்னும் அழுத்தி! பூனைக்குட்டியைத் தடவுற மாதிரி தடவுறீங்க."

"நீயே வந்து தேயேன்," என்றார் அப்பா.

"நான் வந்தா தகடே தேஞ்சிடும்."

"வா, பாக்கலாம்."

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டாள். கம்பி பிரஷ்ஷை எடுத்தாள். இஸ்திரிப் பெட்டியைப் பத்து வருடமாகத் தள்ளுகிற கை. ஐந்தாவது வட்டத்திலிருந்த பெயிண்ட் ஐந்து நிமிடத்தில் காணாமல் போனது.

"அம்மா! அம்மா! அம்மா!" என்று டமாரம் குதித்தான்.

அக்கா தட்டினாள். டொப்.

"ரெண்டு அவுட்," என்றான் டமாரம். இந்தத் தடவை குதிக்காமல்.

ஓட்டுகிறவரின் சீட்டைத் தாங்கும் சட்டம் அது. அதன் முன்பக்கத்தில் ஓட்டை. இனி ஒரு 'டொப்' கூட வரக்கூடாது. ஆறாவது வட்டத்தை மூன்று பேரும் சேர்ந்து சுரண்டினார்கள்.

டங்!

அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேர் முகத்திலும் மஞ்சளும் பச்சையும் ஊதாவும் அப்பியிருந்தன. அப்போது வாசலில் ஹாரன் சத்தம். லாரி வந்துவிட்டது.

பழைய இரும்புக்காரர் இறங்கினார். பெரிய உருவம். தேமலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது காரா, கலர் பென்சில் டப்பாவா?" என்று சிரித்தார். "ஏத்திடலாமா?"

"இன்னும் நாலு மணி ஆகல!" என்று குழிக்குள்ளிருந்து மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிஷம் இருக்கு. இருக்கேன், இருக்கேன். கடிச்சிடாதீங்க."

ஏழாவது வட்டம் மோசமான மூலையில் இருந்தது. ஒரு குழாய்க்குப் பின்னால். குண்டூசியின் கை மட்டும்தான் அங்கே போகும். அவள் குழாயின் மேல் தோளைச் சாய்த்து, கையை நீட்டிச் சுரண்டினாள். கண்ணாடிக்குள் வியர்த்தது. பச்சை போனது. வெள்ளை போனது. பழுப்பு போனது.

அதற்குள் வேனும் வந்துவிட்டது. வேன்காரரிடம் பேச அக்கா மேலே ஏறிப் போனாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"வழவழன்னு இருக்குப்பா. துருவே இல்ல."

"நான் தட்டுறேன்! நான் தட்டுறேன்!" டமாரம் குழிக்குள் குதித்தான். யாரும் தடுப்பதற்குள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டான்.

டங்ங்ங்!

"ஏழும் முடிஞ்சுது! ஜெயிச்சாச்சு!"

அக்கா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "கேட்டுச்சு, கேட்டுச்சு. அப்போ ரிப்பேர் பண்ணிடலாம்."

அப்பா டமாரத்தைத் தூக்கிச் சுற்றினார். குழிக்குள் சுற்ற இடமில்லாமல் அவன் தலை குழாயில் இடித்தது. அதற்கும் சிரித்தார்கள். அம்மா கூடச் சிரித்தாள்.

குண்டூசி மட்டும் தன் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி அடித்தது வட்டத்தில் இல்லை. பக்கத்துக் குழாயில். அவள் மூக்குக்கு முன்னால்தான் நடந்தது. அது ஒன்று. இன்னொன்று, தகட்டின் நுனியில் ஒட்டியிருந்த தூள். வெள்ளைத் தூள். மாவு மாதிரி மெல்லியது.

இரும்பைச் சுரண்டினால் வெள்ளைத் தூள் வராது. ஆனால் அந்தத் தூளை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அப்பாவின் முழங்கையிலிருந்து பெயிண்டோடு சேர்த்து எடுக்கிற தூள். சுவரில் பள்ளம் இருந்தால் பெயிண்டர்கள் வெள்ளைப் பசையை அப்பி மேடு பள்ளம் இல்லாமல் இழுப்பார்கள். அதற்குப் பட்டி என்று பெயர்.

அப்பா காருக்கும் பட்டி பார்த்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. லாரி போய்விடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வருவார். அவள் கேட்டது அதுதான்.

குண்டூசி மேலே பார்த்தாள். அந்த வட்டத்துக்கு நேர் மேலே இருப்பது ஓட்டுகிறவரின் சீட். அங்கே உட்காரப்போகிறவர் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே சிரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா!" என்று கூப்பிட்டாள். குரல் கீச்சென்று வந்தது. "இது இரும்பு இல்ல. பட்டி."

சிரிப்பு நின்றது.

அப்பா தம்பியை இறக்கிவிட்டார். "ஐயய்யோ," என்றார். "ஆமா. போன வருஷம்... சின்னதா ஒரு பள்ளம் மாதிரி இருந்துது. செவுரு ஞாபகத்துல..."

அக்கா இறங்கி வந்தாள். குழாய்க்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் நீட்டிக் குத்தினாள். வெள்ளைக் கட்டி ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. அது இருந்த இடத்தில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

"மூணு," என்றான் டமாரம். அவன் மெதுவாகச் சொன்ன முதல் சொல் அதுதான்.

"நல்ல வேளை சொன்ன," என்றாள் அக்கா. "ஆனா நாம பேசினது பேசினதுதான்."

"மணி நாலு ஆச்சு!" மேலே இரும்புக்காரர் சங்கிலியை எடுக்கும் சத்தம் கேட்டது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்பா சட்டைப் பையில் சாவியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

குண்டூசிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த ஓட்டையை முறைத்தாள். அதன் பக்கத்தில் இருந்த இன்னோர் ஓட்டையையும் முறைத்தாள். அம்மா தேய்த்த ஐந்தாவது வட்டம். இரண்டும் ஒரே சட்டத்தின் முன்னும் பின்னும்.

கையை விரித்து வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் ஒன்றில், கட்டைவிரல் இன்னொன்றில். ஒரு சாண்.

"அக்கா, ஒரு ஓட்டைக்கு எதுக்கு ஒரு நாள்?"

"கெட்டுப்போன இடத்தை வெட்டணும். புதுத் தகடு வெட்டி, வளைச்சு, பொருத்தி, வெல்டிங் வெக்கணும். சும்மாவா?"

"தகடு எவ்வளவு பெருசு வெட்டுவீங்க?"

"எவ்வளவு வேணுமோ அவ்வளவு. ஏன்டி குத்துற?"

"இது ரெண்டும் ஒரே சட்டத்துல, ஒரு சாண் தள்ளித்தான் இருக்கு. ரெண்டையும் சேர்த்து ஒரே நீளத் தகடா வெச்சா? ஒரு தடவைதானே வெட்டணும், ஒரு தடவைதானே வளைக்கணும்?"

அக்கா சட்டென்று விளக்கை இழுத்து, குண்டூசியின் விரல்கள் இருந்த இடத்தில் அடித்தாள். இரண்டு ஓட்டைகளுக்கும் அந்தப் பக்கம் தட்டினாள். டங். இந்தப் பக்கம் தட்டினாள். டங். இன்னும் இரண்டு தடவை தட்டினாள். காதை ஒட்டி வைத்துக் கேட்டாள்.

"ரெண்டு ஓரமும் கெட்டி," என்றாள். பிறகு தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள். "இத்தனை வருஷமா இந்த வேலை பாக்குறேன். நான் ஓட்டையை எண்ணுறேன். இவ தகட்டை எண்ணுறா!"

"அப்போ?" என்றார் அப்பா.

"அப்போ அந்த ரெண்டாவது வட்டத்துக்கு ஒரு நாள், இதுக்கு ஒரு நாள். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுதான் அண்ணே. ரெண்டு நாள் போதும்."

டமாரத்துக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. வேன்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அம்மா குண்டூசியின் தலையைப் பிடித்து, பெயிண்ட் அப்பிய நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள். உதடு பச்சையாகிவிட்டது.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று இரும்புக்காரர் மேலிருந்து கேட்டார்.

"பின்பக்கம் பழைய சைலன்சர் குவிஞ்சு கிடக்கு. அள்ளிட்டுப் போங்க, இடமாவது காலியாகும்," என்றாள் அக்கா.

"இந்தப் பொண்ணை முன்னாடியே பாத்திருந்தா, லாரியை எடுத்திருக்கவே மாட்டேன்," என்று முணுமுணுத்தபடி அவர் பின்பக்கம் போனார்.

ஞாயிறும் திங்களும் அக்காவின் பட்டறையில் தீப்பொறி பறந்தது. திங்கள் சாயங்காலம் ஏழு வட்டத்திலும் தட்டிக் காட்டினாள். ஏழு டங். இந்தத் தடவை டமாரத்தைக் கிட்டே விடவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அப்பா ஏணியைக் காரின் மேல் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

சாயங்காலம் ஏழரைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஏழரை ஆனது. ஏழே முக்கால் ஆனது. அம்மா கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். டமாரம் ஜன்னலில் தொங்கினான்.

"தேமல்!" என்று அலறினான். "தேமல் வருது!"

கார் இருமிக்கொண்டே வந்து வாசலில் நின்றது. குண்டூசி கையில் டார்ச்சோடு ஓடினாள். அப்பா இறங்கி இரண்டு கைகளையும் விரித்தார். குண்டூசி அவரைத் தாண்டிப் போனாள். தரையோடு தரையாகப் படுத்து, காருக்கு அடியில் வெளிச்சம் அடித்தாள். சீட்டுக்குக் கீழே புதுத் தகடு பளபளத்தது. ஒரு கீறல் இல்லை.

"நல்லா இருக்குடி நியாயம்," என்றார் அப்பா. "ஒன்றரை மணி நேரம் ஓட்டிட்டு வந்தது நான். விசாரிக்கிறது காரையா?"

குண்டூசி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். அப்பாவை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தாள்.

"ரெண்டு பேருமே நல்லாத்தான் இருக்கீங்க," என்றாள். "உள்ள வாங்க."